மதினியின் மார்கழி ஐஸ்

1

மார்கழி பிறந்துவிட்டால் என் அண்ணன் வீட்டில் ஐஸ் பேச்சை எடுக்கக் கூடாது. அருப்புக்கோட்டையில் ஐஸ்கிரீம் கம்பெனி நடத்துகிற வீட்டுக்கு இது வேடிக்கையான சட்டம்தான். ஆனால் மதினி போட்ட சட்டம். அதை மீற அண்ணனுக்கே தைரியம் கிடையாது.

கம்பெனியின் பெயர் பொன்னரளி. லைசென்ஸ் அண்ணன் பேரில் இருக்கிறது, கம்பெனி ராஜாத்தி மதினி கையில் இருக்கிறது. தை பிறந்தால் கல்யாண ஆர்டர்கள் வரும். சித்திரை, வைகாசியில் மூச்சுவிட நேரம் இருக்காது. ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் ஊருக்கு ஊர் கோயில் பொங்கல் கைகொடுக்கும். மார்கழியில் மட்டும் ஒன்றும் கிடையாது. முகூர்த்தம் இல்லை, வெயிலும் இல்லை. விடியற்காலையில் லேசாகப் பனி விழுந்தாலே, சளி பிடிக்கும் என்று பிள்ளைகள் கையில் இருக்கிற ஐஸைப் பிடுங்கி எறிகிற தாய்மார் எங்கள் பக்கம் அதிகம். அதனால் அந்த மாதம் ஷட்டரை இறக்கிவிட்டு, மிஷினைக் கழற்றிக் கழுவி வைத்துவிட்டு, வேலை பார்க்கிற பெண்களை "பொங்கல் கழிச்சு வாங்கத்தா" என்று அனுப்பிவிடுவார்கள்.

அனுப்பியவர்கள் எல்லாரும் திரும்பி வருவதில்லை என்பதுதான் சிக்கல். மார்கழியில் சும்மா இருக்க முடியாமல் ஒருத்தி திருப்பூருக்குப் போவாள், ஒருத்தி நூல் மில்லுக்குப் போவாள். அங்கே வேலை பிடித்துப்போனால் அவ்வளவுதான். பேச்சியம்மாள் என்று ஒருத்தி, கண்ணை மூடிக்கொண்டு கப் நிரப்பினாலும் ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அவள் ஒரு மார்கழியில் கட்டட வேலைக்கு மதுரைக்குப் போய், மறு ஆடியில்தான் திரும்பினாள். அந்த ஆறேழு மாதமும் மதினி புதுப் பெண்களுக்குப் பாடம் நடத்தியே தொண்டை வறண்டுபோனார்.

"அனுப்பி வச்சிட்டுக் கூப்பிட்டவொடனே ஓடி வர்றதுக்கு அவுக என்ன என் வீட்டுக் கோழியா?" என்பார். தப்பு அவர்கள் மேல் இல்லை, மார்கழி மேல்தான் என்று அவருக்குத் தெரியும். மார்கழியோடு யார் சண்டை போடுவது? மதினி போட்டார். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் இருப்பது ஜப்பானில், சைத்தாமா என்கிற பகுதியில். கல்யாணமாகி எம்.ரெட்டியபட்டியிலிருந்து நேராக இங்கே வந்தவள். கணவருக்கு வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. எனக்குப் பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு செய்கிற சமையல்கூடத்தில் வேலை. காலையில் தலைக்குத் தொப்பி, வாய்க்கு மறைப்பு, காலுக்கு ரப்பர் பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு, முட்டைக்கோஸைக் கழுவ ஆரம்பித்தால் கழுவிக்கொண்டே இருப்பேன். மகள் கயல் கல்லூரியில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்பதற்கு அவள் ஜப்பானியத்தில் பதில் சொல்வாள். ஊருக்குக் கூட்டிப்போனால் முதல் நாள் கொசு, இரண்டாம் நாள் வெயில், மூன்றாம் நாள் "உங்க ஊருல இருந்து திரும்ப எப்பம்மா டிக்கெட்?" என்பாள். 'உங்க ஊரு' என்கிற வார்த்தை இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

போன மார்கழிக்கு முந்தின மார்கழியில் ஒரு நாள், வேலை முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். காதுமடல் கழன்று விழுந்துவிடும் போன்ற குளிர். எங்கள் தெரு முனைக் கடை வாசல் பெஞ்சில் வயதான புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், கம்பளிக் கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு, வாயில் புகைபுகையாக மூச்சு விட்டபடி, சாவகாசமாகக் கப் ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியாதபடி தூரத்திலிருந்து ஒரு படம் பிடித்து மதினிக்கு அனுப்பினேன். கிண்டலுக்குத்தான் அனுப்பினேன், சாமி சத்தியமாக.

வீட்டுப் பூட்டைத் திறப்பதற்குள் போன் வந்துவிட்டது.

"ஏத்தா செல்வி, அவுக ரெண்டு பேரும் என்ன திங்குறாக?"

"ஐஸுதான் மதினி."

"இந்தக் குளிருக்கா? கிறுக்கு ஏதும் பிடிச்சிருக்கா?"

"இங்கன எல்லாரும் அப்படித்தான் மதினி. வீட்டுக்குள்ள ஹீட்டரைப் போட்டுக்கிட்டு ஐஸ் திம்பாக. குளிருக்குன்னே தனியா ஐஸ் வரும்."

மதினி நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

"அப்ப, அங்கன மார்கழியில ஐஸ் விக்குது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

3

மதினிக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் மார்கழிக்கென்றே ஒரு ஐஸ் கண்டுபிடித்தார். சாயல்குடிப் பக்கத்துப் பனங்கற்கண்டைக் காய்ச்சி, அதில் வறுத்து இடித்த சுக்கைப் போட்டு, பாகாக்கிப் பாலில் கலந்து செய்தது. சளி பிடிக்கும் என்கிற தாய்மார் வாயை அடைக்க அதுதான் வழி என்று நம்பினார். தாய்மார்கள் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். "சுக்கு ஐஸா? இதுக்கு நான் கஷாயமே போட்டுக் குடுத்துருவேனே." அந்த ஐஸ் எடுபடவில்லை. சுக்குச் சட்டியை மதினி பரணில் போட்டார்.

படத்தைப் பார்த்ததும் அந்தச் சட்டி பரணிலிருந்து இறங்கிவிட்டது. அடுத்த மார்கழியில் ஜப்பானுக்கு வந்து தானே பார்த்துவிடுவது என்று முடிவும் ஆகிவிட்டது.

அண்ணன் என்னிடம் தனியாகப் புலம்பினார். "மதுரையிலயே ஒரு கடை திறக்க யோசிச்சுக்கிட்டு இருக்கோம். இவ ஜப்பானுங்கிறா. நீயாவது சொல்லு செல்வி." நான் சொன்னேன். மதினி கேட்ட ஒரே கேள்வி: "மதுரைக்காரன் மார்கழியில ஐஸ் திம்பானா?"

விசா வாங்குவதற்கு அழைக்கிறவர் காரணம் எழுத வேண்டும், எந்த நாள் எந்த இடத்தில் இருப்பார் என்று அட்டவணை போட வேண்டும். நானும் பொறுப்பாக எரிமலை, புத்தர் கோயில், பூங்கா என்று நிரப்பி மதினிக்கு வாசித்துக் காட்டினேன். "எனக்கு மலையெல்லாம் வேணாம். தினமும் ஐஸுன்னு எழுது" என்றார். அப்படியெல்லாம் எழுத முடியாது என்று விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. கடைசியில் ஒரு நாளுக்குப் புத்தர், மற்ற நாளுக்கு வியாபார ஆலோசனை என்று ஒத்துக்கொண்டார்.

ஐஸைத் தெர்மாகோல் பெட்டியில் கட்டி எடுத்துவருவது அவருடைய அடுத்த திட்டம். நான் விமான நிலையத்துக் கால்நடை நோய்த் தடுப்புப் பிரிவுக்குப் போன் போட்டேன். போனை எடுத்த பெண் என்னை விடப் பணிவாக, எந்த மிருகத்தின் பால், எவ்வளவு சூட்டில் காய்ச்சியது, விற்பனைக்கா, எந்த அதிகாரி சான்று கொடுப்பார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஒரு மன்னிப்பு. எல்லாம் கேட்டு முடித்தபோது, பால் கலந்த எதையும் வியாபாரத்துக்கு நம் ஊரிலிருந்து கொண்டுவருவது ஆகிற காரியமில்லை என்று எனக்கே புரிந்துவிட்டது.

"சரி, பால் அங்கன கிடைக்கும்ல?" என்றார் மதினி. "நான் பாகை மட்டும் கொண்டு வாரேன்."

4

பாகும், ஐஸ் கெட்டியாக நிற்கப் போடுகிற வெள்ளைப் பொடியும் ஒரு மஞ்சள் துணிப்பையில் வந்தன. விமான நிலையத்தில் அந்த வெள்ளைப் பொடியைப் பார்த்துவிட்டு மதினியை உட்கார வைத்துவிட்டார்கள். வெளியே நின்ற எங்களுக்குப் போன் வந்தது. கயல்தான் பேசி விளக்கினாள். கடைசியில் மதினி வெளியே வந்து, "நல்ல பிள்ளைக. குனிஞ்சு குனிஞ்சு சந்தேகப்படுறாக" என்றார்.

எங்கள் சமையல்கூடத்துக்கு எப்போதாவது பிள்ளைகளுக்கான கப் ஐஸ் கொண்டுவருகிற இஷிதா சான் என்பவரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன். சான் என்பது மரியாதைக்குச் சேர்ப்பது. அவரும் அவர் மனைவியும் சின்னதாக ஒரு ஐஸ்கிரீம் பட்டறை நடத்துகிறார்கள். பெரிய கம்பெனிகள் குளிர்காலத்துக்கென்று வருடா வருடம் புது ருசி இறக்கும்போது, தன்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை என்பது அவர் கவலை. சுக்கு என்றதும் காதைத் தீட்டிக்கொண்டார். இங்கே குளிருக்கு இஞ்சி சேர்ப்பது வழக்கம். பால் என்னுடையது, மிஷின் என்னுடையது, ஒரு மதியம் செய்து காட்டட்டும் என்றார்.

மதினி செய்தார். மணம் பட்டறையைத் தூக்கியது. இஷிதா சானும் மனைவியும் கையில் சின்ன ஸ்பூனோடு ஆசையாக நின்றார்கள். கயல் நடுவில் நின்றாள், மொழிபெயர்க்க.

மதினி ஒரு உருண்டை எடுத்துத் தட்டில் வைத்தார். தட்டைக் கொண்டுபோய் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். இஷிதா சான் ஸ்பூனை நீட்டியபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லு கயலு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அருப்புக்கோட்டையில் மதினி வியாபாரம் பேசுவதே இப்படித்தான். கல்யாண காண்ட்ராக்டர் வந்தால் அவருக்கு ருசி பார்க்கக் கொடுக்க மாட்டார். ஒரு உருண்டையைத் தட்டில் போட்டு முற்றத்து வெயிலில் வைத்துவிட்டு, பிள்ளைகுட்டி சௌக்கியமா, மழை உண்டா என்று பேசிக்கொண்டிருப்பார். காண்ட்ராக்டர் கண் தட்டை விட்டு நகராது. ஐஸ் அசையாமல் நிற்கும். மூன்று பந்தி முடிகிற வரைக்கும் கப்பில் கெட்டியாக இருக்கிற ஐஸ்தான் எங்கள் பக்கம் நல்ல ஐஸ். ருசி அப்புறம்.

ஹீட்டர் அனலில் ஐஸ் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. மதினி பெருமையோடு இஷிதா சானைப் பார்த்தார். இஷிதா சான் மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கேட்பதற்கும் கூச்சம், சாப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை பாவம், அந்த அம்மாள் ஸ்பூனைப் பைக்குள் வைத்து வைத்து எடுத்தார்.

ஒரு வழியாக இஷிதா சான் கயலிடம் மெதுவாக ஏதோ கேட்டார். கயல் தயங்கினாள்.

"என்ன சொல்லுறாரு? அப்படியே சொல்லு, நெளிச்சுக் குழைச்சுச் சொல்லாத."

"அத்தை... ஏன் உருகலைன்னு கேக்குறாக."

"அதைத்தான நானும் காட்டிக்கிட்டு இருக்கேன்."

"இல்ல அத்தை. ஒடம்புக்கு ஏதும் முடியலையான்னு கேப்போம்ல, அப்படிக் கேக்குறாக."

அப்புறம் சாப்பிட்டார்கள். மணம் அருமை என்றார் இஷிதா சான். ஆனால் வாயில் போட்டாலும் கரையாமல் நிற்கிறது, மென்று தின்ன வேண்டியிருக்கிறது, இங்கே யாரும் இதை இரண்டாவது தடவை வாங்க மாட்டார்கள் என்றார். கயல் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். மதினி தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

5

மறுநாள் காலையில் எழுந்தபோது மதினியைக் காணவில்லை. செருப்பும் இல்லை. ஜப்பானியத்தில் ஒரு வார்த்தை தெரியாத பெண், அதுவும் பூனம் சேலையில், இந்தக் குளிரில் எங்கே போவார்? கயல்தான், "பட்டறைக்குப் போயிருப்பாக" என்றாள். எங்கள் வீட்டிலிருந்து நேர் ரோடுதான். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பட்டறை.

போய்ப் பார்த்தால், இஷிதா சான், மனைவி, மதினி மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஐஸ் கடைகிற மிஷின் அக்கு அக்காகக் கழன்று கிடக்கிறது. மதினி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, என் பழைய ஸ்வெட்டரின் கையை மடித்துவிட்டு, கடைகிற இரும்புத் துடுப்பைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

வருடம் முடிவதற்கு முன்னால் இந்த நாட்டில் எல்லோரும் வீட்டையும் கடையையும் ஒட்டடை முதல் அடி மூலை வரை கழுவித் துடைப்பார்கள். எங்கள் போகி மாதிரி, எரிப்பது மட்டும் கிடையாது. பொன்னரளியில் மார்கழியில் மிஷின் கழுவுவதும் இதே நாட்களில்தான். மதினி உள்ளே நுழைந்தபோது இவர்கள் மிஷினைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

"ரப்பர் வளையத்துக்கு உள்பக்கம் பாரு செல்வி, அங்கனதான் பால் தங்கும். இவுகளும் சரியா அதைத்தான் மொதல்ல கழட்டுறாக" என்றார், சொந்தக்காரர்களைக் கண்ட மாதிரி.

மதியம் வரைக்கும் மூன்று பேரும் கழுவினார்கள். இடையில் இஷிதா சானின் மனைவி டீ கொடுத்தார். கயல் வந்து சேர்ந்தபோது மொழிபெயர்ப்பதற்கு எதுவும் இல்லை, அவளுக்கும் ஒரு துணியைக் கொடுத்து ஜன்னலைத் துடைக்கச் சொல்லிவிட்டார் மதினி. வீட்டில் தட்டை எடுத்து வைக்கச் சொன்னால் முகம் சுளிக்கிற பெண், துடைத்தாள்.

மிஷினைப் பூட்டி முடித்ததும் இஷிதா சான் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். புது வருஷம் வரைக்கும் பட்டறை மூடியிருக்கும், மிஷின் சும்மாதான் இருக்கும், ராஜாத்தி சான் விரும்பினால் உபயோகித்துக்கொள்ளலாம்.

6

மதினிக்கு ஏன் உருகாத ஐஸ் மேல் இவ்வளவு பிடிவாதம் என்று கயல் கேட்டாள். பட்டறைக்கு நடந்துபோகிற வழியில் சொன்னேன்.

கம்பெனி தொடங்கிய புதிது. பரளச்சிப் பக்கம் ஒரு கல்யாணம். முதல் பெரிய ஆர்டர். நானும் கூடப் போனேன், மர ஸ்பூன் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு. கோடை வெயில். லோடு ஏற்றிய வண்டி நடுக்காட்டில் நின்றுவிட்டது. இந்தப் பக்கம் கரிசல், அந்தப் பக்கம் கரிசல், நிழலுக்கு ஒரு கருவேலம் புதர். வேறு வண்டி பிடித்து மண்டபம் போய்ச் சேர்ந்தபோது கப்பெல்லாம் தண்ணீராக ஆடுகிறது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கப்பை வாங்கிப் பந்திக்கு நடுவில் நின்றுகொண்டு, "ஏம்ப்பா, இதை நக்குறதா, குடிக்கிறதா?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. அண்ணன் மண்டபத்துப் பின்பக்கம் போய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மதினி அழவில்லை. காலி கப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் "உருகிருச்சு" என்ற சொல்லை மதினி காதுபட யாரும் எடுப்பதில்லை. என்னென்ன பொடியை எவ்வளவு போட்டால் பரளச்சி வெயிலில் நிற்கும் என்று மதினி பாடுபட்டுப் படித்த படிப்பு அது. அதை இந்த ஊரில் மறக்கச் சொல்கிறார்கள்.

அன்று பட்டறையில், மதினி வெள்ளைப் பொடிப் பொட்டலத்தைப் பிரித்தபோது, அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

மதினி பொடியைக் குறைத்தார். செய்து பார்த்தார். இன்னும் குறைத்தார். ஒவ்வொரு தடவையும் உருண்டையைத் தட்டில் வைத்துப் பார்ப்பார். ஓரம் கசிய ஆரம்பித்தால் கை தன்னால் பொடிப் பொட்டலத்துக்குப் போகும். கயல், "அத்தை, வாயில போட்டுப் பாருங்க, தட்டைப் பாக்காதீக" என்பாள். அண்ணன் போன் செய்து, "போதும், வந்துரு, ஊர்ல இருக்கிற வியாபாரம் போதும்" என்றார். "பொறுங்க, பிடிபடப் போகுது" என்று மதினி போனை வைத்துவிட்டார்.

கடைசியில் பொட்டலத்தையே கட்டி ஓரமாக வைத்துவிட்டு ஒரு சட்டி செய்தார். தட்டில் வைத்தார். உருண்டை சாய்ந்தது, வழிந்தது. மதினி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இஷிதா சானின் மனைவி ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுவிட்டுக் கண்ணை மூடினார். தொண்டையில் கையை வைத்து, அங்கே சூடு இறங்குகிறது என்று காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

நானும் சாப்பிட்டேன். முதலில் ஜில்லென்று பால், அப்புறம் பனங்கற்கண்டு, எல்லாம் கரைந்துபோன பிறகு அடித்தொண்டையில் சுக்கு. எனக்குக் கண் கலங்கியது. சுக்குக் காரத்தால் என்று சொல்லிக்கொண்டேன், அது பொய்.

7

சரி, காரியம் முடிந்தது என்று நினைத்தேன். இனிமேல்தான் வந்தது வினை.

இஷிதா சான் நியாயமான மனிதர். குளிர்காலம் முழுவதும் இதைப் போடுகிறேன், கப்பில் பொன்னரளி என்று பெயர் போடுகிறேன், செய்முறைக்கு உரிய பங்கு கொடுக்கிறேன் என்றார். சுக்கும், பனங்கற்கண்டுக்குப் பதிலாகக் கருப்பு வெல்லமும் இங்கேயே கிடைக்கின்றன, ராஜாத்தி சான் சிரமப்பட வேண்டாம், ஊரில் நிம்மதியாக இருக்கலாம் என்றார்.

எனக்குச் சந்தோஷம். உட்கார்ந்த இடத்தில் வருமானம், வேறென்ன வேண்டும்? மதினி முகம் மாறியது.

"அப்ப பேச்சிக்கு என்ன வேலை?" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. எனக்கே ஒரு நிமிஷம் பிடித்தது.

"கம்பெனி பேரு கப்புல வந்து நான் என்ன செய்ய? மார்கழியில எங்க பிள்ளைக கட்டட வேலைக்குப் போகக் கூடாதுன்னுதான் நான் இம்புட்டுத் தூரம் வந்தேன். பால் இங்கன, சரி. மிஷின் இங்கன, சரி. பாகு எங்க ஊருலதான் காச்சணும். இல்லேன்னா வேணாம். கயலு, இதை நெளிக்காமச் சொல்லு."

கயல் சொன்னாள். இஷிதா சான் யோசித்தார். அவ்வளவு தூரத்திலிருந்து வரவழைத்தால் செலவு கூடும், பரிசோதனை, சான்றிதழ் என்று எத்தனையோ உண்டு, தான் சின்ன ஆள் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. மதினி சேலை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்துவிட்டார். இத்தனை நாள் பாடு வீணாகப் போகிறதே. கொஞ்சம் விட்டுக்கொடுங்க மதினி என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் கயல் பேச ஆரம்பித்தாள். மதினி எதுவும் சொல்லாதபோதே பேசினாள். வழக்கமாக வளைந்து குழைந்து பேசுகிறவள், அன்று நேராகப் பேசினாள். வெறும் இஞ்சியும் சர்க்கரையும் என்றால் இது இன்னொரு இஞ்சி ஐஸ்தான், நன்றாக விற்றால் அடுத்த குளிருக்குள் பெரிய கம்பெனிகள் இதையே போட்டுவிடும், அப்போது உங்களிடம் மறுபடியும் புதிதாக ஒன்றும் இருக்காது என்றாள். எங்கள் அத்தை ஊரில் காய்ச்சுகிற பாகு உங்களிடம் மட்டும்தான் வரும் என்றால் அதை யாரும் போட முடியாது என்றாள். சுங்கம், பரிசோதனை, சான்றிதழ் சம்பந்தப்பட்டதையெல்லாம் நானே எழுதித் தருகிறேன் என்றும் சொன்னாள்.

இஷிதா சானின் மனைவி அவர் முழங்கையை லேசாகத் தட்டினார். ஒரு குளிர்காலம் பார்ப்போம், சின்ன அளவில், என்றார் இஷிதா சான்.

"என்ன சொன்னே?" என்று மதினி கயலிடம் கேட்டார்.

"நீங்க சொன்னதைத்தான் அத்தை."

"நான் இம்புட்டு நீளமாவா சொன்னேன்?"

கயல் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண் யார் சாயல் என்று இத்தனை வருடம் எனக்குப் பிடிபடாமல் இருந்தது, அன்று பிடிபட்டது.

8

அப்புறம் இந்த ஒரு வருடத்தில் நடந்ததை எழுதினால் அது தனிப் புலம்பலாகிவிடும். பாகில் என்னென்ன இருக்கிறது, எந்தச் சட்டியில் காய்ச்சினீர்கள், சுக்கு எங்கே விளைந்தது என்று கேள்விக்கு மேல் கேள்வி. ஒரு முத்திரை இல்லையென்று மாதிரிப் பெட்டி திரும்பிப் போனது. மறுபடி வந்தது. அண்ணனே விருதுநகருக்கும் மதுரைக்கும் பஸ்ஸில் அலைந்து ஒவ்வொரு சான்றாக வாங்கினார், புலம்பலை நிறுத்திவிட்டு. கயல் இன்னும் 'உங்க ஊரு' என்றுதான் சொல்கிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தைக்கு அவளே போன் போடுகிறாள். அடுத்த அறையில் அவளுடைய அருப்புக்கோட்டைத் தமிழ் கேட்கும். நான் உள்ளே போனால், "அப்புறம் பேசுறேன் அத்தை" என்று வைத்துவிடுவாள். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சந்தேகம்.

இந்த மார்கழியில் பொன்னரளி ஷட்டர் இறங்கவில்லை. பெரிய சாதனை ஒன்றும் இல்லை. இஷிதா சான் பட்டறையிலும், தெரிந்த இரண்டொரு கடைகளிலும் மட்டும் வைத்திருக்கிறார். அடுத்த குளிருக்கும் வாங்குவாரா என்பது இந்தக் குளிரில் எத்தனை பேர் இரண்டாவது தடவை வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மதினிக்கும் அது தெரியும். அதனால்தான் தினமும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நேற்று வேலை முடிந்து வரும்போது ஒரு கப் வாங்கினேன். மூடியில் சின்னதாக ஒரு மஞ்சள் அரளிப்பூ, கயல் வரைந்தது. கடைக்காரப் பெண், காலையில் ஒரு பாட்டி வந்து மறுபடியும் இதையே கேட்டு வாங்கிப் போனார் என்றாள். வீட்டுக்கு வந்து ஒரு உருண்டையை எடுத்துத் தட்டில் போட்டு ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, கை போய்விட்டது. பார்த்துக்கொண்டே மதினிக்குப் போன் போட்டேன்.

போனை எடுத்ததும் ஒரே தும்மல். ஒருத்தி தும்ம, அடுத்தவள் தும்ம, அப்புறம் சிரிப்பு. சுக்கு இடிக்கிறார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் பேச்சியம்மாள் யாரையோ திட்டுவது கேட்டது. கடைக்கு மறுபடி வந்த பாட்டியைப் பற்றிச் சொன்னேன். மதினி "ம்" என்றார்.

தட்டில் உருண்டை ஓரம் கசிந்து, சாய்ந்து, மெல்லப் பரவிவிட்டது.

"மதினி, உருகிருச்சு" என்றேன்.

எங்கள் வீட்டில் யாரும் அவரிடம் சொல்லத் துணியாத வார்த்தை. மதினி போனை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, எனக்கு இல்லை, உள்ளே பார்த்துக் கத்தினார்.

"ஏய் பேச்சி, அங்கன உருகிருச்சாம். அடுத்த சட்டிய அடுப்புல ஏத்து!"